எந்தப் பக்கம் போகட்டும்?

கண்ணாடிக் கடையில் ஒருவருடைய மூக்கில் புது ஃபிரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"உங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனா இருக்கிற கப்பலோட எங்களுக்குத் தொடர்பு கிடைக்கலம்மா" என்றது ஓர் ஆண்குரல்.

"நடுக்கடல்ல டவர் கிடைக்காதுங்க. எனக்கும்தான் அப்பப்போ கிடைக்காது. கவலைப்படாதீங்க, தானா வந்துரும்" என்று அவளே அவருக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு, "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு ஆபீசுக்கு வாங்கம்மா" என்றார். அவள் அந்த ஃபிரேமைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

வீட்டில் பெரியவர் என்றால் மாமனார்தான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும், 'ரேடியோ' என்று தெருவே கூப்பிடும் கொழுந்தனும் அவளோடு போனார்கள். ரேடியோவுக்கு வாய் மூடாது. வழியெல்லாம், "அண்ணன் கில்லாடி அண்ணி. கப்பலே கவுந்தாலும் அவன் மட்டும் சட்டை நனையாம வருவான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆபீசில் ஒரு நீள மேசை, அதைச் சுற்றி மற்ற குடும்பங்கள். எல்லார் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், யாரும் திறக்கவில்லை. போன் செய்த அதிகாரிதான் எழுந்து பேசினார். சிமென்ட் ஏற்றிப் போன கப்பல். காலையில் கேப்டன் பேசும்போது, கடல் அமைதியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றிருக்கிறார். மத்தியானம் கூப்பிட்டால் பதில் இல்லை. புயல் இல்லை. காப்பாற்றுங்கள் என்று ஒரு குரல் இல்லை. தேடிப் போன விமானங்களுக்கு ஓர் எண்ணெய்த் திட்டு, ஒரு மிதவை, ஒரு பலகைத் துண்டுகூடக் கண்ணில் படவில்லை.

"அவ்வளவு பெரிய கப்பல் சார். குண்டூசியா தொலைஞ்சு போறதுக்கு?" என்றார் மாமனார்.

அதிகாரி திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம். "இதுக்குள்ள எங்கயோதான் இருக்கணும்."

"இது எவ்வளவு பெருசு சார்?" என்று அவள் கேட்டாள்.

அவர் சொல்லத் தயங்கினார். "ஒரு நாட்டையே உள்ள வைக்கலாம்மா."

தேடல் கொஞ்ச நாள் நடந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள். தொலைக்காட்சியில் சிலர் கூடி உட்கார்ந்து, கடலுக்கடியில் காந்தம் இருக்கிறது என்றார்கள், ராட்சதச் சுழல் என்றார்கள், வானத்திலிருந்து வந்தவர்கள் என்றார்கள். கடைக்கு வந்தவர்களும் கண் பரிசோதனைக்கு நடுவில் அவளிடம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே, "இப்ப கீழ் வரியைப் படிங்க" என்பாள்.

ரேடியோ போனில் தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கடல் கொள்ளைக்காரர்கள் கப்பலைக் கடத்திப் பேரை அழித்து, வேறு வண்ணம் அடித்து ஓட்டுவார்களாம். ஆட்களைக் கொல்ல மாட்டார்களாம், வேலை வாங்குவார்களாம். அதைக் கேட்ட அன்றுதான் மாமனார் வயிறாரச் சாப்பிட்டார்.

"எலக்ட்ரீஷியனை யாரும் விட மாட்டான்மா. கொள்ளைக்காரனுக்கும் லைட் எரியணும்ல?" என்றார். கை கழுவும்போது, "அவனுங்க நல்லா இருக்கட்டும்" என்று முணுமுணுத்தார். யாருக்கு வாழ்த்து என்று புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

ஆனால் அந்த நம்பிக்கையும் நாளாக நாளாக நைந்துபோயிற்று. ஒரு நாள் காலையில் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானே போய்ப் பார்க்கிறேன். ஒரு பயணியைக்கூட வழியில விட்டுட்டு வந்தவன் இல்ல நான். பெத்த பிள்ளையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தனியே விட மனமில்லாமல் அவளும் ரேடியோவும் மீன்பிடித் துறைக்கு அவர் கூடப் போனார்கள்.

மீன்பிடிப் படகுக்காரர் முதலில் மறுத்துவிட்டார். "ஐயா, நீங்க சொல்ற இடம் கப்பல்லயே பல நாள் பயணம். என் படகு கரை மறையிற வரைக்கும்தான் போகும்."

"அது வரைக்கும் போப்பா."

"அங்க ஒண்ணும் இருக்காதுய்யா."

"அதை நான் என் கண்ணால பார்க்கணும்."

படகுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் படகில் ஏறினாள்.

கரை முதலில் கோடாகி, பிறகு புகையாகி, பிறகு இல்லாமல் போனது. படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். நாலா பக்கமும் ஒரே தண்ணீர், ஒரே வெயில். சந்தேகப்பட ஓர் அலைகூட இல்லை. கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது.

"சொல்லுங்கய்யா. எந்தப் பக்கம் போகட்டும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். மாமனார் எழுந்து நின்று கையை நீட்டினார். நீட்டிய கை ஒரு பக்கம் காட்டியது, பிறகு கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து, மெல்லக் கீழே விழுந்தது. ஆயுள் முழுக்கச் சாலையில் வண்டி ஓட்டியவருக்கு, சாலையே இல்லாத ஓர் இடம் இருப்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"பெரியவனே!" என்று கூப்பிட்டார். தெருமுனையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற தொனி. ரேடியோவும் எழுந்து, "அண்ணா! டேய் அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். கடைசியாக அவனோடு பேசியது தண்ணீர் மோட்டார் பற்றி. ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, ஏறவில்லை என்றாள். கண்டென்சர் போயிருக்கும், வந்து மாத்தறேன் என்றான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அவனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்கு மேல் குரலை உயர்த்தியதும் இல்லை. இப்போது படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னங்க!"

தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "என்னங்க! உங்களைத்தாங்க! இங்க பாருங்க!"

குரல் போனது. போனதுதான், எங்கேயும் மோதவில்லை, திரும்பவில்லை. ஒரு சுவர், ஒரு மலை, ஒரு மரம் இருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். வாயிலிருந்து கிளம்பிய சொல் வாயருகிலேயே செத்தது போலிருந்தது.

படகுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதும் தங்கச்சி. உட்காரு" என்றார். கேட்காமலேயே இன்ஜினைப் போட்டுப் படகைத் திருப்பினார்.

கரை வந்த பிறகும் மாமனார் இறங்கவில்லை. ரேடியோ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அவர் இவ்வளவு கனமில்லாத மனிதர் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மழைக்காலம் போய்க் கோடையும் போன பிறகு, விசாரணை முடிந்துவிட்டதென்று அந்த அதிகாரி நேரில் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பார் போல, ஆனாலும் திக்கினார்.

"காரணம் தெரியலைன்னுதான் முடிவு பண்ணியிருக்காங்க. எங்களால கண்டுபிடிக்க முடியலை."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை நாள்?" என்றார் மாமனார்.

"ஆமாங்கய்யா" என்று அவர் தலை குனிந்தார். அவருக்கும் காணாமல் போன மகனின் வயதுதான் இருக்கும். மாமனாரின் கோபம் அதோடு வடிந்துவிட்டது.

"இறந்துட்டான்னு வச்சுக்கட்டுமா தம்பி?"

"அப்படியும் எங்களால உறுதியா சொல்ல முடியாதுய்யா."

"அப்போ இருக்கான்னு வச்சுக்கட்டுமா?"

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, அது போகட்டும்" என்றார் மாமனார், தாழ்ந்த குரலில். "நாளைக்குக் காலையில எந்திரிச்சு நாங்க என்ன பண்ணணும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

தண்ணீர் டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அவளும், அதிகாரி என்ன சொல்லப் போகிறாரென்று அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.