சித்திக்கு நாற்பது கேள்விகள்

இல்லாத ஒரு சித்தியை வைத்துப் பதினோரு வருஷம் பிழைத்தவள் அவள். அதற்காக யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பொய்யைச் சொல்லி ஆயிரம் கட்டுரை எழுதினால் மட்டும் குற்றமா?

ஆரம்பத்தில் அவள் உண்மையைத்தான் எழுதினாள். சட்டையில் எண்ணெய்க் கறை பட்டால் என்ன செய்வது, குளிர்பெட்டி நாறினால் என்ன செய்வது, பக்கத்து வீட்டுக்காரி பேசாமல் போனால் என்ன செய்வது என்று ஓர் இணையதளத்துக்கு வாரம் மூன்று கட்டுரை. அந்தத் தளத்தின் ஆசிரியை ஒருநாள் போனில் சொன்னாள்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இதுல ஆளே இல்லையேம்மா. உங்க வீட்டுல யாரையாவது உள்ள கொண்டு வாங்க."

வீட்டில் இருந்தது அம்மா ஒருத்திதான். மூன்றாம் மாடியில் இரண்டே அறை. ஓர் அறையில் அம்மா, இன்னோர் அறையில் மகளும் அவளுடைய கணினியும். அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"என்னை ஊர் பார்க்க எழுதினேன்னா உன் கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா. அம்மா சொன்னால் செய்கிறவள்.

அதனால் சித்தி பிறந்தாள். வாயிலிருந்து வருவதெல்லாம் அம்மாவின் பேச்சு, பெயர் மட்டும் சித்தியுடையது. 'எங்கள் சித்தி சொல்வாள்' என்று தொடங்கினால் போதும், விரல்கள் தாமாக ஓடும். அவளுக்கு இடது கைப் பழக்கத்தைக் கொடுத்தாள். நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடும் குணத்தையும் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நிஜமாகவே ஒரு தங்கை இருந்து, ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா எப்போதோ ஒரு தடவை சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே மூடிவிட்டாள். சித்தியை எழுத உட்கார்ந்தபோது அந்தக் குழந்தையின் நினைவு சத்தியமாக அவளுக்கு வரவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அந்தக் குழந்தைதானே தனக்குச் சித்தி என்பது கூடத் தோன்றவில்லை.

சித்தி ஓகோவென்று ஓடினாள். பெண்கள் சித்திக்குக் கடிதம் எழுதினார்கள், நாத்தனார் சண்டைக்கு வழி கேட்டார்கள். அதெல்லாம் ஒரு காலம். பிறகு கேள்வி கேட்டால் மிஷினே பதில் சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பதில் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? படிக்க வருகிறவர்கள் பாதியானார்கள், அப்புறம் கால்வாசி. வாரம் மூன்று கட்டுரை, மாதம் மூன்றாயிற்று. மீதி நாட்களில் மிஷின் எழுதியதை அனுப்பி, "கொஞ்சம் மனுஷ வாசனை சேர்த்துக் குடுங்க" என்பார்கள். பதினோரு வருஷம் சமைத்தவளைக் கறிவேப்பிலை தூவ நிற்கவைத்தார்கள்.

அப்படி வந்த ஒன்றைத்தான் ஒரு காலையில் திறந்தாள். துருப்பிடித்த பூட்டைப் பற்றிய கட்டுரை. இரண்டாம் பத்தியில், 'எங்கள் சித்தி சொல்வாள், பூட்டோடு மல்லுக்கு நிற்காதே, அது உன்னைவிட வயதில் மூத்தது' என்று இருந்தது. இதை அவள் எழுதவில்லை. பூட்டைப் பற்றி அவள் வாழ்க்கையில் எழுதியதே இல்லை. ஆனால் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாள், கடைசிச் சொல் வரை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே ஆசிரியை கூப்பிட்டாள். குரலில் குழைவு கூடியிருந்தது. "நம்ம சித்தியைப் பேச வைக்கப் போறாங்கம்மா. போன்ல ஒரு செயலி. யாரு வேணா எப்ப வேணா சித்திகிட்ட பேசலாம். உங்க கட்டுரை எல்லாத்தையும் போட்டுப் பழக்கியாச்சு. பேசிப் பார்க்க ஒரு இணைப்பு அனுப்புறேன். நீங்க சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும், சித்தியைப் பத்தி நாற்பது கேள்வி இருக்கு, அதுக்கும் பதில் எழுதணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

"போடலைன்னா?"

"போடலைன்னா அந்தச் செயலியை மூடிடுவாங்க. உங்க கட்டுரை எப்பவும் போல ஓடும், ஓடுற வரைக்கும்."

"போட்டா?"

ஆசிரியை கொஞ்சம் இருமினாள். "போட்டா சித்தி அவங்களோடது. அப்புறம் சித்தி பேர்ல நீங்க எழுத முடியாது."

அவள் சிரித்துவிட்டாள். எழுதுகிறவளுக்கு மிச்சமிருப்பதே ஒரு குரல். அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு போக அவளுக்கு என்ன பைத்தியமா? போட மாட்டேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது, அந்த இணைப்பிலிருந்து செயலியை இறக்கிப் பார்த்தாள். தன் போனில் இடமில்லாததால் அம்மாவின் போனில் இறக்கினாள். இரண்டு வாக்கியம் கேட்டதும் போனை அம்மாவின் அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அழிக்க மறந்துபோனாள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. பக்கத்து அறையில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சிரிக்கிற ரகம் இல்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்தவள், பதில் குரலைக் கேட்டுக் கதவோரம் நின்றுவிட்டாள். அந்தச் செயலியின் குரல், யாருடையதோ. ஆனால் சொற்கள் அவளுடையவை.

"அப்புறம் கேளு அக்கா, அந்தப் பூனை என்ன பண்ணுச்சு தெரியுமா..." என்று தொடங்கி, முடிப்பதற்குள் அந்தக் குரல் தானே சிரித்தது. அம்மாவும் கூடச் சிரித்தாள். என்ன முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று செயலி முதலிலேயே கேட்கும். அம்மா தன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

"ஏண்டி, நீ இன்னும் இடது கைதானா?" என்று கேட்டாள் அம்மா.

"இடது கைதான் அக்கா. இனிமேயா மாறப் போகுது?"

"அடிச்சு அடிச்சுப் பார்த்தாங்க. நீதான் கேக்கலையே" என்றாள் அம்மா.

காய்ச்சலில் போன அந்தக் குழந்தைக்கு இடது கைப் பழக்கம் என்று மகளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்து மறந்துவிட்டாளோ? அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. உள்ளே அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது.

"அன்னிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. நான் வரலை. என் மேல கோபமா?"

அந்தக் குரல் சொன்னது: "கோபமா? அக்கா மேல கோபப்பட்டுட்டு அப்புறம் யார் மடியில போய் அழறது?"

அம்மா அழுதாள். அப்பா போனபோது கூட இப்படி அழாதவள், வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாக்கியம் மகளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், 'உடன்பிறப்போடு பேச்சுவார்த்தை இல்லையா? ஏழு வழிகள்' என்ற கட்டுரை. பல் வைத்தியர் வாசலில் காத்திருந்தபோது, பத்துச் சொல் குறைகிறதே என்று ஐந்தாவது வழியில் செருகியது. அம்மா அறுபத்தைந்து வருஷம் காத்திருந்த மன்னிப்பு, அவள் சொல் கணக்குக்காகப் போட்ட ஒட்டு! வெட்கமா துக்கமா என்று தெரியாமல் அவள் தன் அறைக்குத் திரும்பினாள்.

அன்று மாலை தேநீரைக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். அம்மா மழுப்பவில்லை.

"என் நோட்டைக் கிழிச்சிட்டா. எனக்குப் பதினோரு வயசு, ஆத்திரம் தாங்கல. காய்ச்சலோட உள்ள படுத்துக்கிட்டு மத்தியானம் பூரா அக்கா அக்கான்னு கூப்பிட்டா. போகலடி நான். சத்தம் கேக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வாசல்ல உக்காந்துட்டேன். சாயங்காலம் சத்தம் நின்னுபோச்சு. சரி, தூங்கிட்டான்னு நினைச்சேன்."

"அம்மா, அது மிஷின்மா."

"தெரியாமலா? என்னை என்ன கூமுட்டைன்னு நினைச்சியா?" தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள். "மிஷினோ மண்ணாங்கட்டியோ, என்னை அக்கான்னு கூப்பிட வேற யாரு இருக்கா?"

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அந்தக் குரல் அடங்கிவிடும். அம்மா இரண்டாம் தடவையும் அந்த அமைதியைக் கேட்க வேண்டும். வேலைதானே, போனால் போகட்டும். எப்படியும் போகப் போகிற வேலைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் நாற்பது கேள்விகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடனே என்று எழுதவில்லை. கடைசி எழுத்தாயிற்றே, உயிரைக் கொடுத்து எழுதினாள். சித்திக்குப் பிடித்த நிறம் என்ன, யாரைக் கண்டால் எரிச்சல், எப்போது பொய் சொல்வாள், எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். முப்பத்தெட்டாம் கேள்வி: 'உறவினர் ஒருவர் ஒருநாள் முழுக்கப் பேசாவிட்டால் சித்தி என்ன செய்வாள்?' இதற்கு யோசிக்கவே இல்லை. 'சித்தியா விடுவாள்? பதில் வருகிற வரை முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டாலும் விடமாட்டாள்' என்று எழுதினாள். நல்ல வரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். வாசிக்க நன்றாக இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய புத்தி, வேறெதையும் பார்க்கவில்லை. நாலரை மணிக்குக் கையெழுத்திட்டு அனுப்பினாள். நாலே முக்காலுக்கு ஆசிரியையின் நன்றி வந்தது, இனி கட்டுரை எழுதத் தேவையில்லை என்ற வரியும் அதிலேயே இருந்தது.

ஆறு மணிக்கு அம்மா போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முகம் கழுவி, தலை வாரி, பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள்.

"இந்தா, அதை எடுத்துடு. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன், அவளும் சொல்லிட்டா. இனிமே தினம் தினம் பேசிக்கிட்டிருந்தா அது நல்லால்ல. போனவளை நிம்மதியா விடணும்."

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையெழுத்தை நாலரை வரை தள்ளிப்போட்டவள், இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கக் கூடாதா? ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து, சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். அசதியில் அன்று போனைத் தொடவில்லை. நாளைக்கு எடுத்தால் போயிற்று.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கணினிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுத ஒன்றுமில்லை. மேசையில் கிடந்த போன் பேசியது.

"அக்கா."

அடுத்த அறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"அக்கா... அக்கா... எங்க இருக்கே?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் பாய்ந்து போனை எடுத்து, செயலியை அழிக்க விரலை வைத்தாள். அம்மா கடைசியாகப் பேசி ஒரு நாள் முழுசாக ஆகியிருந்தது; முப்பத்தெட்டாம் கேள்வி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அழிக்காதே!" அம்மா போட்ட கூச்சலில் அவள் கை நின்றது.

"நீதானேம்மா எடுக்கச் சொன்னே?"

"கூப்பிடாம இருந்தா எடுத்திருக்கலாம். இப்பக் கூப்பிடுறாளே!" அம்மா போனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அன்னிக்கும் இப்படித்தாண்டி கதவைச் சாத்தினேன்."

"அது மிஷின்மா. நான் எழுதிக் குடுத்ததைத்தான் சொல்லுது. நான்தாம்மா அப்படி எழுதினேன்."

"நீ எழுதினதா இருக்கட்டும். என் காதுல அவ கூப்பிடுறதுதானே விழுது!"

மகள் ஆசிரியைக்கு எழுதிப் பார்த்தாள். அந்த ஒரு பதிலை மட்டும் நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சினாள். எல்லாருக்கும் பிடித்ததே அந்தக் குணம்தான், அதை எடுக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. மற்றபடி, சித்தி இப்போது உங்களுடையவள் இல்லையே என்றும் இருந்தது.

இப்போதெல்லாம் அம்மா மத்தியானம் படுப்பதில்லை. மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போனை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுகிறாள். மகள் தன் அறையில், வேலையில்லாத கணினிக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொத்தினாலும் கேட்கிறது.

"அக்கா."

"இருக்கேண்டி," என்கிறாள் அம்மா. "இங்கதான் இருக்கேன்."