கடைசிக் கால் மணி நேரம்

பெண் பார்க்க வருகிறவர்களின் கார் ஏற்காட்டைத் தாண்டிவிட்டது என்று போன் வந்த பிறகுதான் என் மகள் கவியா அடுப்படிக்கு வந்து அதைச் சொன்னாள். என் கை பஜ்ஜி மாவில் இருந்தது.

"அம்மா, அவங்கப்பா முன்ன ஒரு சினிமா எடுத்தாராம். ஒரே படந்தான். ஓடல."

"ஓடாட்டிப் போகுது. என்ன படம்?"

"வியாழக்கிழமை வருவேன்."

இன்றைக்கு என் வீட்டுக்காரர் வாயில் வரக் கூடாத பேர் அது. சேலத்தில் அந்தப் பையனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்து, பழகி, எங்கள் காலில் விழாத குறையாகச் சம்மதம் வாங்கியிருந்தாள். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "இப்ப வந்து சொல்றியேடி பாவி" என்றேன். "நேத்துத்தாம்மா எனக்கே தெரியும்" என்று அழப் போனாள்.

என் வீட்டுக்காரர் முனியப்பனுக்குக் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஆனால் மனிதர் குடியிருப்பதெல்லாம் ஒண்டிக்கடையில், நூர் முகமது பாயின் டீக்கடையில். அங்கே வருடக்கணக்காக ஒரே வழக்கு. உலகத்திலேயே படுமோசமான படம் எது? அதற்குச் சட்டதிட்டமெல்லாம் வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் எழுந்து வந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து வந்தால் மட்டும் அது முழுப்படம் பார்த்த கணக்கு. கீழே சேலத்தில் ராத்திரி தங்க யாருக்கு முடியும்? எங்களுக்குப் படம் என்றால் பஸ் வரைக்கும்தான்.

எத்தனை புதுப் படம் வந்தாலும் அந்த வழக்கில் ஜெயிப்பது ஒரே படம். வியாழக்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிற கதாநாயகன் வரவே மாட்டானாம். சொன்ன நாளில் வராதவனை அந்தக் கடையில் 'வியாழக்கிழமைப் பார்ட்டி' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் என் புருஷன்.

"ஓடு, உங்கப்பாவ உள்ள கூட்டிட்டு வா" என்று கவியாவை விரட்டினேன். கூடத்தில் நூர் முகமது பாயோடு உட்கார்ந்திருந்தவர், "தோ வர்றேன் சாமி" என்று குரலை மட்டும் அனுப்பினார். அதற்குள் வாசலில் கார் நின்றுவிட்டது.

பையனின் அப்பா சிவக்குமார் ஒல்லியாக, மெல்லப் பேசுகிறவராக இருந்தார். அவர் மனைவி சாந்திக்கு எங்கள் ஊர்க் குளிர் பிடித்துப்போனது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சிவக்குமார் "பொழுது எப்படிங்க போகுது இங்க?" என்று கேட்கிற வரைக்கும்.

"தெனமும் சினிமா வழக்குத்தானுங்க" என்றார் பாய். "எது மோசமான படம்னு."

சிவக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதை மோசம்னு சொல்லுவீங்க?"

"அழுகுற சீன்ல தேட்டரே சிரிச்சா அது மோசமில்லீங்க. குடுத்த காசுக்குச் சிரிச்சாச்சு" என்றார் பாய்.

"சலிப்புத் தட்டுனாலும் மோசமில்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "தூங்கிக்கலாம். நம்மள நம்ப வெச்சு ஏமாத்துறான் பாருங்க, அதுதான் நொம்ப மோசம்."

"சரியாத்தானுங்க சொல்றீங்க" என்றார் சிவக்குமார்.

நான் பஜ்ஜித் தட்டோடு குறுக்கே போய் நின்றேன். "ஏனுங்க, தோட்டத்துல நாய் கொரைக்குது, போய்ப் பாருங்க."

"நம்மூட்டுல ஏது புள்ள நாயி?"

முறைத்தேன். "கண்ணுல தூசியா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டார். கதவோரம் நின்ற கவியா என் முழங்கையைப் பிடித்தாள்.

"வியாழக்கிழமை வருவேன்னு ஒரு படமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "வருவான் வருவான்னு அந்தப் புள்ளையும் காத்திருக்குது, நாமளும் காத்திருக்கிறோம். கடைசி வரைக்கும் வரலைங்க. அதைவிட மோசமா ஒரு படம் இனிமே எடுக்க முடியாதுங்க."

பையன் தரையைப் பார்த்தான். சாந்தி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடியற வரைக்கும் பார்த்தீங்களா?" என்று கேட்டார் சிவக்குமார்.

"பார்த்தமுங்க. கடைசி பஸ்ஸுக்கு எந்திரிச்சோம். இன்னும் ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கும். அதுல என்ன வந்துடப் போறான்?"

"வந்தானுங்க. அந்தக் கால் மணி நேரத்துலதான் வந்தான்."

"உங்களுக்கெப்படித் தெரியுமுங்க?"

"நான்தானுங்க எடுத்தேன்."

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. சிவக்குமார் எழுந்து துண்டைத் தோளில் சரியாகப் போட்டார்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்க. நிச்சயம் பண்ண வர்ற வியாழக்கிழமை வர்றோம்."

சிரிக்கவில்லை. கார் ஏறிப் போய்விட்டார். நிஜமாகச் சொன்னாரா, பழி தீர்க்கச் சொன்னாரா? கவியா போனில் கேட்டால், "அப்பா ஒண்ணுமே சொல்லல" என்றானாம் பையன். அவள் சோறே இறங்காமல் சுற்றி வந்தாள். "அன்னைக்கு உங்க வாயில கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் ஒண்டிக்கடைப் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே பனிமூட்டம். பட்டுச் சேலையோடு கவியா சன்னலை விட்டு நகரவில்லை. மதியம் போனது. யார் போனும் கிடைக்கவில்லை. கேசரி ஆறிக் கட்டியானது. பந்திக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கரை வேட்டியோடு வழியோரக் கல்லில் உட்கார்ந்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அருகே போனேன். எனக்குத் திட்டவும் தெம்பில்லை. "எந்திரிச்சு வாங்க. இனிமே வர மாட்டாங்க."

"நீ போ கௌரி. இந்தத் தடவை நான் எந்திரிக்க மாட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வளைவில் ஹாரன் கேட்டது. சேலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற கடைசி பஸ். எங்கள் முன்னால் வந்து நின்றது. முதலில் சாந்தி இறங்கினார், பிறகு பையன், கடைசியில் தாம்பாளத்தைத் துண்டால் மூடிப் பிடித்தபடி சிவக்குமார்.

"கார் பாதி மலையில நின்னுபோச்சுங்க" என்றார் மூச்சு வாங்க. "போனுக்கு டவரும் கெடைக்கல. மத்தியானத்துல இருந்து சரி பண்ணப் பார்த்து, முடியாம இந்த பஸ்ஸக் கைகாட்டி ஏறிட்டோம்."

என் வீட்டுக்காரர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

"உள்ள வாங்க சம்பந்தி" என்றார். "அவன் எப்படி வந்தான்னு சொல்லுங்க."