மணலுக்குள்ளிருந்து வந்த பட்டி

இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் தொடக்கம், டென்மார்க்கின் வடகோடியிலுள்ள மணல் பாலைவனத்துக்குள்ளிருந்து மட்டக்களப்பு மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்தக் கிழமை பால் விலையும் இறங்கியிருந்தது. மணலோரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த அனெர்ஸ், திமில் வைத்த சின்ன மாடுகள் பனிக்குள் நடுங்குவதைக் கண்டு, யாருடையவை என்று விசாரிக்காமலே கொட்டிலைத் திறந்துவிட்டார். மிருக வைத்தியர் வந்து பல்லைப் பார்த்தார், சட்டப்படி காதில் மஞ்சள் அட்டையைக் குத்தினார், போய்விட்டார். ஊர்ப் பத்திரிகை களவுபோன உழவு இயந்திரம் ஒன்றைப் பற்றித்தான் பெரிதாக எழுதியது.

ஓல்போர்க் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்த இராசலட்சுமிக்கு இதொன்றும் தெரியாது. அவளுடைய உயிர் தொலைபேசியில் கிடந்தது. ஒரே தம்பி சுகந்தன், மட்டக்களப்புப் படுவான்கரையில் ஷெல் விழுந்த காலத்தில் மாட்டுப் பட்டியைச் சாய்த்துக்கொண்டு காட்டுவழியே வன்னிக்குப் போனவன். தை மாதம் கடைசியாகக் கதைத்தபோது, "மாடுகள அவிட்டு உட்டுட்டன் அக்கா, அதுகளாவது தப்பட்டும்" என்றான். பிறகு சத்தமில்லை. வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. முடிந்ததாம்! அவளுக்கு எங்கே முடிந்தது?

பண்ணைகளைச் சனம் பார்க்கத் திறந்துவிடும் ஞாயிறு ஒன்றில், அவள் கணவன் பூபாலசிங்கம், "எழும்பு, நாலு மாட்டப் பாத்தாலாவது மனம் ஆறும்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். மனிசன் வாழ்நாளில் செய்த ஒரேயொரு கெட்டித்தனம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வாள்.

பண்ணை பார்க்க வந்த பிள்ளைகள் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு வேலியில் தொங்கின. கறுப்பு வெள்ளை மாடுகளுக்கு நடுவே ஒரு செவலைப் பசு திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், இராசலட்சுமி வேலியைத் தாண்டிவிட்டாள். தொடையில் அவர்களுடைய குடிவழிக் குறி, அப்பா காய்ச்சிய கம்பியால் சுட்டது. பட்டியை நடத்திப்போகும் முன்மாடு! கழுத்தைத் தடவினாள். மணி இல்லை. அவர்கள் குடும்பத்தில் பட்டிக்காரன் செத்தால் முன்மாட்டின் மணி தானாக அறுந்து விழும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கண்மூடியதும், செய்தி வருமுன்னே மணி முற்றத்தில் கிடந்தது. "ஐயோ, எண்ட தம்பி!" என்று சாணத்துக்குள் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஐஸ்கிறீம் பிள்ளைகளும் சேர்ந்து அழத் தொடங்கின.

அனெர்ஸ் ஓடிவந்தார். அவள் விக்கி விக்கி டேனிஷில் மணியின் கதையைச் சொன்னாள். அவருடைய காது சிவந்துபோயிற்று. வீட்டுக்குள் போய்க் குசினிக் கதவில் மாட்டியிருந்த மரமணியைக் கொண்டுவந்தார். போன கிழமைதான் இந்தப் பசு கடைசியாக வந்ததாம். இரவெல்லாம் கழுத்தை ஆட்டி என் மனைவியைத் தூங்க விடவில்லை, நான்தான் கத்தியால் அறுத்தேன், மன்னித்துக்கொள் என்றார்.

மன்னிப்பதா! அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணியைத் திரும்பக் கட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி விழவில்லை.

இனி அது கழுத்திலேயே இருக்கட்டும், நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றாள் அனெர்ஸின் மனைவி. அன்றிலிருந்து தினமும் காலையில் பால் கறந்து முடிந்ததும் அனெர்ஸ் தொலைபேசி எடுத்து, "மணி இருக்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். அதைக் கேட்டபிறகுதான் இராசலட்சுமி தேத்தண்ணி குடிப்பாள். ஞாயிறுகளில் சட்டியில் தயிர் போட்டுக்கொண்டு போவாள். அனெர்ஸ் அதில் சீனி போட்டு வழித்துச் சாப்பிடுவார். கோடை அப்படியே கழிந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அனெர்ஸ் இன்னுமொரு வசனம் கூடச் சொன்னார். "ஆளும் வந்திருக்கிறார், கோப்பி குடிக்கிறார்."

அவள் போய்ச் சேர்ந்தபோது சுகந்தன் குசினியில் இருந்தான். எலும்பும் தோலுமாய் இருந்தவனின் தலையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு கன்று.

"இது நடக்க மாட்டன் எண்டு படுத்திட்டுது அக்கா," என்றான். "தூக்கிக்கொண்டு வந்ததில சுணங்கிப்போச்சு."

அவள் அவன் முகத்தைக் கையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க மணல் வந்தது. அனெர்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார், பால் கறக்கும் நேரமாகியிருந்தது. சுகந்தன் கன்றைத் தமக்கையின் மடியில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனான்.