பாலிஷ் போட்ட கம்பு

மேனேஜர், கேஷியர், டைப்பிஸ்ட், பியூன் என்று எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஓர் ஆபீஸே நடக்கிறது. நான்கும் கோழிகள். பெயர் வைத்தது என் கொழுந்தியாள், அதாவது என் மனைவியின் தங்கை. தன் ஆபீஸில் யார் எப்படி நடக்கிறார்கள், யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று நன்றாகப் பார்த்து வைத்த பெயர்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் சுற்றி வருவது மேனேஜர். ஒரு மணி அரிசியைக்கூட விடாமல் பொறுக்குவது கேஷியர். டைப்பிஸ்ட் நாள் முழுக்கத் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பியூனைக் கூப்பிட்ட நேரத்தில் காணவே முடியாது.

நான்கு மாதத்துக்கு முன்னால் கொழுந்தியாள் இறந்துபோனாள். பத்தே நாள் காய்ச்சல். நல்லா இருந்த பெண். அடுத்த மாதம் என் சகலை, அவளுடைய கணவர், என் மனைவியிடம் வந்து, "என்னால இதுங்களைப் பார்த்துக்க முடியல அண்ணி. பார்க்கவும் முடியல" என்றார். இவள் மறுபேச்சு இல்லாமல் இரண்டு அட்டைப்பெட்டியில் நான்கையும் போட்டு எடுத்து வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து இவள் வாய்விட்டுப் பேசுவது அந்த நாலு பேரிடம் மட்டும்தான். என்னிடம் 'சாப்பிட வாங்க', 'மோட்டார் போட்டாச்சு', அவ்வளவோடு சரி. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். மூக்கு நுனியில் கோபம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பொய்யில்லை.

பிரச்சினை ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் கோழி உயரமான இடம் தேடும். எங்கள் ஆபீஸார் நான்கு பேரும் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் வீட்டுக்காரம்மாவின் ஸ்கூட்டரைத் தேடிப் பிடித்தார்கள். மேனேஜர் சீட்டில். மற்ற மூவரும் அவரவர் தகுதிக்கேற்ப. காலையில் அந்த ஸ்கூட்டரைக் கண்கொண்டு பார்க்க முடியாது.

வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கத்த மாட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். ஒரு கையில் வாளி, ஒரு கையில் துணியோடு வாசலில் வந்து நின்றார்.

"இத்தனை நாளா நானே தொடைச்சேன். இனிமே தொடைக்கிறதா இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் இங்க ஒண்ணு ஸ்கூட்டர் இருக்கணும், இல்ல கோழி இருக்கணும். ஸ்கூட்டர் என்னோடது."

அவர் படியேறிப் போனதும் இவள் சமையலறைக்குப் போனாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய் நின்றேன்.

"இதுங்களையும் யாருக்காவது குடுத்துட்டா, அப்புறம் அவளோடதுன்னு என்கிட்ட என்னங்க இருக்கு?" என்றாள். திரும்பவில்லை.

"யாரு குடுக்கச் சொன்னது? நான் எதுக்கு இருக்கேன்? இந்த ஊர்ல எந்தக் கோழிக்கும் கிடைக்காத மாதிரி ஒரு இடம் செஞ்சு குடுக்கிறேன் பாரு."

"அங்க இருந்த அந்தப் பழைய கம்பையாவது கொண்டு வந்திருக்கலாம்."

"அதைப் பத்திப் பேசாத" என்று எரிந்து விழுந்தேன்.

அந்தக் கம்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. கோழிகளை எடுக்க இவளோடு போன அன்று சகலை வீட்டுப் பின்புறத்தில் பார்த்தேன். பட்டைகூட உரிக்காத கோணல் கிளை. இரண்டு முனையையும் கம்பியால் இழுத்துக் கட்டி, கம்பி குத்தாமலிருக்க நீலத் துணி சுற்றியிருந்தது. இதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இவள் சொன்னபோது நான் சிரித்தேன். "விறகுக் கடையில குடுத்தாக்கூட வேண்டாம்பான். யாரு, நீங்க செஞ்சதா சகல? பஸ் ஓட்டுறதோட நிறுத்திக்கங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குள் இந்தக் கிண்டல் பழக்கம்தான் என்பதால் நானும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பாலிஷ்காரன். இருபத்தாறு வருடமாக மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறேன். கட்டில், பீரோ, கதவு, மேஜை, எதுவானாலும் என் கை பட்டுத்தான் வெளியே போகும். கோழிக்கு ஒரு கம்பு செய்வதா எனக்குப் பெரிது? பட்டறையில் ஆறடித் தேக்குக் கட்டை ஒன்று மிச்சமிருந்தது. இழைப்புளி போட்டு உருண்டையாகச் சீவினேன். முரட்டு உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, நடுத்தரத்தில் ஒன்று, மாவு மாதிரி நைஸில் இரண்டு. அப்புறம் ஐந்து கோட் பாலிஷ், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முடித்தபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மதில் ஓரமாகத் தகரம் போட்டு, மூன்று பக்கம் வலையடித்து, முன்னால் ஒரு கதவும் வைத்து, இடுப்பு உயரத்தில் கம்பை மாட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. மேனேஜர் முதலில் உள்ளே போனது. கழுத்தைச் சாய்த்துக் கம்பைப் பார்த்தது. ஒரே தாவு. கால் பட்டதும் சர்ரென்று முன்னால் வழுக்கி, இறக்கையை அடித்துக்கொண்டு தொப்பென்று கீழே விழுந்தது. எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து வெளியே வந்தது. அடுத்து டைப்பிஸ்ட் ஏறி, ஏறின வேகத்தில் பின்பக்கமாக இறங்கியது. கேஷியர் கிட்டேயே போகவில்லை. பியூன் அதற்குள் ஸ்கூட்டரில் இருந்தது. பத்து நிமிடத்தில் மற்ற மூவரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

"புது இடம். பழகிக்கும்" என்றேன்.

சனிக்கிழமை நான்கையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். ஐயையோ, என்ன சத்தம்! ஏறுவதும் விழுவதும், விழுந்ததன் மேல் இன்னொன்று விழுவதுமாக ஒரே ரகளை. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாளைக்கு ஞாயிறு என்பது மூன்று பேருக்கும் தெரியும். நானே கதவைத் திறந்துவிட்டேன். ஸ்கூட்டருக்குத்தான் போனார்கள், வேறெங்கே.

"இதுங்களுக்குக் கொழுப்பு. தேக்கு! தேக்குல உக்கார வலிக்குதா?"

இவள் உள்ளே போய்க் கம்பைத் தடவிப் பார்த்தாள். "வழுக்குதுங்க."

"வழுக்கணும்! அதுதான் வேலையே! இருபத்தாறு வருஷத்துல என் பாலிஷைத் தொட்டுட்டு வழுக்குதுன்னு ஒருத்தர் குறை சொன்னதில்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கட்டிலில் மனிதன் படுக்கிறான். கோழி காலால் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. பிடிக்க ஒன்றுமே இல்லாதபடி மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன். இந்த முட்டாள்தனத்தைப் பாலிஷ்காரனைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

ஞாயிறு காலை அரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கீறி முரடாக்கிவிடலாம் என்று நினைப்பு. கம்பின் மேல் அரத்தை வைத்தேன். இழுக்கக் கை வரவில்லை. இவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. கெடுக்காதீங்க. நல்லாத்தான் இருக்கு. இதுங்களுக்குத்தான் ஒத்து வரல."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அந்தப் பழைய கம்பு வேணும். அவ கையால செஞ்சது."

"யாரு?"

"என் தங்கச்சிதான். மழையில முறிஞ்ச கிளையை இழுத்துட்டு வந்து கட்டினா. நீலத் துணி அவ பழைய பாவாடை. அன்னைக்கு நீங்க தம்பியைத்தான் கிண்டல் பண்றீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

எனக்குக் கோபமே வரவில்லை. வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

சகலைக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார். உள்ளே ஒரே அறை. மர அலமாரி திறந்து கிடந்தது. துணி மாட்டும் கம்பி நடுவில் ஒடிந்து தொங்கியது. கட்டில் முழுக்க அவளுடைய சேலைகள், ஒன்றுவிடாமல் மடித்து அடுக்கியிருந்தன. கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு பாயும் தலையணையும். நான் பார்த்ததும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சகல, அன்னைக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அது யாரு செஞ்சதுன்னு தெரியாது. தப்பு என்மேலதான்."

"விடுங்க அண்ணே. நீங்க பேசலன்னாதான் எனக்குப் பயம்."

"அந்தக் கம்பு இருக்கா?"

"இருக்கு. தொடவே இல்ல."

பின்புறத்தில் அது அப்படியேதான் இருந்தது. இரண்டு பேருமாகக் கம்பியை அவிழ்த்தோம். நீலத் துணியை மட்டும் அவரே அவிழ்த்து, சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன்.

"ஆறடிக் கட்டையை ஏத்த மாட்டாங்க அண்ணே. நானே ஏத்த மாட்டேன். ரூல்."

அதனால் முன்முனையை நானும் பின்முனையை அவருமாகத் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு மைல் நடந்தோம். ஒரு சலூன்காரர் வெளியே வந்து, "என்ன, காட்டுக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். வழக்கமாக இதற்கு நான் சும்மா இருக்க மாட்டேன். அன்று இருந்தேன்.

தேக்கைக் கழற்றி மதிலில் சாய்த்துவிட்டுக் கிளையை மாட்டினோம். சகலை பையிலிருந்து நீலத் துணியை எடுத்து இரண்டு முனையிலும் முன்பு இருந்த மாதிரியே சுற்றினார். அப்புறம் மூன்று பேரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் மதிலை விட்டு இறங்கியது.

மேனேஜர் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. தாவியது. நகம் பட்டையில் பதிந்து நின்றது. இரண்டு எட்டு நகர்ந்து, இடப்பக்கக் கடைசியில் போய் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் டைப்பிஸ்ட், அப்புறம் கேஷியர். ஆச்சரியம், பியூன்கூட நேரத்துக்கு வந்தது.

"அங்கயும் இதே வரிசைதான்" என்றார் சகலை.

வீட்டுக்காரம்மா வாளியோடு இறங்கி வந்தார். ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். கூட்டையும் பார்த்தார். "ம். வாளிக்கு வேலை இல்ல போல" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். இவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான்கு மாதத்தில் என்மேல் சாய்ந்து அழுதது அன்றுதான்.

சகலை எழுந்து மதிலோரம் போனார். தேக்குக் கம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உள்ளங்கையால் தடவினார்.

"இதை என்ன பண்ணப் போறீங்க அண்ணே?"

"அடுப்புல வைக்க வேண்டியதுதான்."

"அலமாரிக் கம்பி ஒடிஞ்சு போச்சு. வேற ஒரு கட்டையை வச்சுப் பார்த்தேன், ரெண்டு சேலையில நூலை இழுத்துடுச்சு. அவ சேலைன்னா அவ்வளவு பத்திரமா வச்சுப்பா. அதான் கட்டில்லயே..."

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தன் முந்தானையைக் கம்பின் மேல் போட்டு மெல்ல இழுத்தாள். ஓர் இடத்திலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தரம் போட்டு இழுத்தாள்.

"வழுக்குதுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

நான் உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தேன். "அலமாரி உள்ள என்ன அளவு, சகல?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இப்பவே வெட்டிக் குடுங்க" என்றாள் இவள். "தம்பி இன்னைக்காவது கட்டில்ல படுக்கட்டும்."