ஒரு வாரம் விருந்தாளி

சமூகவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலேயே அப்பா என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். "சமூகத்துலயே இருக்கிறவனுக்கு அதுல படிக்க என்னடா இருக்கு?" என்பது அவர் கேள்வி. கடைசி வருடம் வந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் களப்பணித் தாளில் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. அப்பாவின் பெயிண்ட் கடையில் டப்பா அடுக்க வேண்டியதுதான். அண்ணன் ஏற்கெனவே அங்கே அடுக்கிக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் படிப்பில் அக்கறை பொத்துக்கொண்டு வரும்.

பேராசிரியை கொடுத்த வேலை இது: சொந்த வீட்டில் ஒரு வாரம் விருந்தாளி போல நடந்துகொள்ள வேண்டும். ஏன் என்று சொல்லக் கூடாது. வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டமெல்லாம் அதை மீறும்போதுதான் கண்ணுக்குத் தெரியுமாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள், எப்படி முழித்தார்கள் என்று எழுத வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் தாள் திரும்பி வரும். இரக்கம் என்பது அந்த அம்மாவின் பாடத்திட்டத்தில் இல்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜைத் திறக்குமுன் அனுமதி கேட்டேன். சோபாவின் ஓரத்தில் முட்டியைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தேன். ரிமோட்டைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றால், வயிறு காந்தினாலும் போதும் என்றேன்.

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னடா, எவளாவது வேணாம்னு சொல்லிட்டாளா?"

அப்பா கீழே போய் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "எங்க இடிச்ச, சொல்லிடு." அண்ணன் பாவம், கெஞ்சவே ஆரம்பித்துவிட்டான். "டேய், ஒரு தடவையாவது என்னைத் திட்டேன்டா. பயமா இருக்கு."

எழுத எழுதப் பக்கம் போதவில்லை. என்னைத் திண்டாட வைத்தது அண்ணிதான். அவர் எதுவுமே கேட்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன், புருவம்கூட அசையவில்லை. "தண்ணி எடுத்துக்கலாமா அண்ணி?" என்றால், "எடுத்துக்கோங்க தம்பி" என்று வெங்காயத்தைப் பார்த்தபடியே சொல்வார்.

ஞாயிறு காலை எல்லாரும் ஹாலில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது, வேறு வழியில்லாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா நிம்மதியாகத் திட்டினாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். "உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி ஒண்ணுமே தோணல? நீங்க ஏதாவது சொன்னாத்தான் நான் பாஸ் ஆவேன்" என்றேன்.

"என்ன தோணணும் தம்பி? கேட்டுட்டுத் திறந்தீங்க. ஓரமா உக்காந்தீங்க. போதும்னு சொன்னீங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் அப்படித்தானே இருக்கேன். அதுல என்ன புதுசு?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. அவன் டம்ளருக்குள் எதையோ தேடினான்.

"உங்களுக்கு இன்னியோட முடிஞ்சிருச்சு, இல்ல?" என்று அண்ணி கேட்டார்.

"முடிஞ்சிருச்சு அண்ணி."

"எனக்கு முடிஞ்சிருச்சுன்னு யாரு வந்து சொல்லுவாங்க?"

குரலில் கோபம் இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். விடுபட்ட பக்கம் நிறைந்துவிட்டது, நான் பாஸ். அதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னை முறைத்தான்.

கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"டீ ஆறிப்போச்சு பாரு" என்றாள்.

அண்ணி எல்லா டம்ளரையும் வாங்கிக்கொண்டு சூடுபண்ணப் போனார்.