இறக்கத்தில் ஃபிரீ கியர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு, வழியில் ஒரு வண்டி மக்கர் பண்ணினால் தள்ளிவிடத் தோன்றுவதில்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத்தான் தோன்றுகிறது. பழைய லோரி என்றால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஜெர்மன்காரன் செய்த பெரிய கார் என்றால் போதும், பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு கூடிவிடுவான். அந்தச் சனிக்கிழமை காலை ரிங்லெட் மேட்டில் காளிமுத்துவைச் சுற்றி அப்படித்தான் ஏழெட்டுப் பேர். கார் முழுசாக நிற்கவும் இல்லை; எவ்வளவு மிதித்தாலும் நத்தையாக ஊர்ந்தது. படம் பிடித்தவர்கள் கூடவே நடந்து வந்தார்கள்.

காளிமுத்து முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலை லோரி ஓட்டியவர். தோட்டத்துத் துரை டீசல் காரின் பின் சீட்டில் சாய்ந்தபடி முந்திப்போகும் போதெல்லாம் புகையைத் தின்றவர். போன வருஷம், கோலா தெர்லா காய்கறி முதலாளி ஒருவன் ஓட்டித் தள்ளிய அதே மாதிரிக் காரை, சேமநிதியில் கிடந்ததைப் போட்டு வாங்கினார். பின் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினார். அதில் யாரையும் உட்கார விட்டதில்லை, தானும் உட்கார்ந்ததில்லை.

மகள் பத்மா பள்ளிக்கூட டீச்சர். கார் ஏற்கெனவே இரண்டு தரம் மானத்தை வாங்கிவிட்டது. மூன்றாம் தரம் வாங்கினால் சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். கார் மெக்கானிக் ரஸ்லானின் பட்டறைக்கு ஊர்ந்து வந்து சேருமுன்பே படம் அவள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அவளும் வந்துவிட்டாள்.

ரஸ்லான் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான்.

“என்ன மாமா, மீட்டருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?”

“கண்ணு படக்கூடாதுன்னுதான்.”

அவன் பொட்டை நகத்தால் உரித்தான். அடியில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மாசமாக எரிகிறது என்பது காளிமுத்துவுக்கு மட்டும்தான் தெரியும். பொட்டு தன்னுடையது என்பதைப் பத்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

ரஸ்லான் ஒரு சின்னப் பெட்டியைக் காரில் சொருகிப் பார்த்தான். எதுவும் உடையவில்லை என்றான். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறதாம். குழாய் நன்றாகச் சூடேறினால் கரி தானே எரிந்துபோகுமாம். சூடே ஏறாவிட்டால் அடைத்துக்கொள்ளுமாம். தினமும் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான். காளிமுத்து பெருமையாகவே சொன்னார்: எஸ்டேட்டிலிருந்து முத்தலிப் கடை வரை நாலு கிலோமீட்டர் இறக்கம், நியூட்ரலில் போட்டு ஃபிரீ கியர், கடையில் நுரை பொங்க ஒரு தே தாரே குடித்துவிட்டு மறுபடி மெதுவாக மேலே. லோரிக் காலத்துப் பழக்கம், ஒரு சொட்டு டீசல் வீணில்லை.

ரஸ்லான் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஹைவேல அரை மணி நேரம் நல்லா மிதிச்சு ஓட்டுங்க மாமா. அவ்வளவுதான்லா.”

காசும் வேண்டாம் என்றுவிட்டான். அங்கேதான் காளிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நொண்டியை ஓடச் சொல்கிற வைத்தியன் எந்த ஊரில் இருக்கிறான்? காசு வாங்குகிறவன் எவ்வளவு ஏமாற்றினான் என்று கணக்காவது தெரியும். வாங்காதவன் எதற்கு அடி போடுகிறான்? ஹைவேயில் இஞ்சினை வெடிக்க வைத்து, பிறகு காரை இரும்பு விலைக்கு எடுக்கப் பார்க்கிறான், வேறென்ன.

பத்மா கையை நீட்டினாள். சாவி கைமாறியது.

“நான் ஓட்டறேன். நீங்க பின்னால ஏறுங்கப்பா.”

“முன்னாடி உக்கார்ந்தா என்ன?”

“கியர்ல கை வைப்பீங்க.”

அப்படித்தான் அவர் முதன்முதலாகத் துரை சீட்டில் ஏறினார். தாப்பா இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிளாஸ்டிக் அவரை இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக வழுக்கித் தள்ளியது. பத்மா கீழ் கியரிலேயே பிடித்து வைத்திருந்தாள், இஞ்சின் கத்தியது. ஃபிரீயில் விடும்மா என்று ஒவ்வொரு வளைவிலும் கெஞ்சினார். அவள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

ஹைவேயில் பீடோர் தாண்டியதும் கருகிய வாடை வந்தது.

“எரியுது பாரு. நான் அப்பவே சொன்னேன்.”

“எரியணும்னுதானேப்பா வந்தோம்.”

சிலிம் ரிவரை நெருங்கும்போது மஞ்சள் விளக்கு அணைந்தது. திரும்பி வரும்போது மலை ஏற்றத்தில் கார் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. உர லோரிகள் இரண்டை ஒரே மூச்சில் முந்தியது. காளிமுத்துவின் வாய் தானாகத் திறந்தது. கண்ணாடியில் பத்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

எஸ்டேட்டில் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் இறங்கியதும் சாவியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இறக்கத்துல இனிமே ஃபிரீல விடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. இப்பவே வாங்கிக்குங்க.”

காளிமுத்து சாவியைப் பார்த்தார். எட்டிக் கை நீட்டினால் கிடைத்துவிடும். பொய்யாகவாவது சொல்லித் தொலைக்கலாம். ஆனால் சொன்னால், ஸ்பேனரையே தொடாத அந்த ரஸ்லான் பழுது பார்த்தான் என்று ஆகிவிடும். முப்பது வருஷம் ஓட்டியவன் வாயால் அது வராது. குனிந்து, கார் கதவுக் கண்ணாடி வழியாக மீட்டரை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

“அந்த மஞ்சள் பல்பு போயிருக்கும்மா,” என்றார்.

முத்தலிப் கடை நாலு கிலோமீட்டர் என்று பத்மா பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினாள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.