சளி பிடித்த தாளம்

தபலாக்காரரின் மற்ற விரல்களெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. வலது கை மோதிர விரலுக்கு மட்டும் இரண்டு வருஷமாகத் திமிர். டீ கிளாஸைப் பிடிக்கும், சட்டைப் பட்டன் போடும், வெங்காயம் நறுக்கும்போதுகூட ஒத்தாசையாக இருக்கும். தபலாவில் வைத்தால் போதும், உள்ளங்கைக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் ஓரத்தை அது லேசாகத் தொட்டு நின்றால்தான் ‘நா’ என்ற அடி கணீரென்று ஒலிக்கும். இல்லாவிட்டால் தகர டப்பா. டாக்டர் என்னென்னவோ படமெடுத்துப் பார்த்துவிட்டு, “கையில ஒண்ணுமில்ல, மூளையிலதான் கோளாறு. வாசிக்காம இருந்தா தொந்தரவே இல்ல” என்றார். மகராசன், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

கச்சேரிக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் மனைவிதான் மார்க்கெட் பக்கத்து மாடியில் இருந்த நடனப் பள்ளியை விசாரித்துக்கொண்டு வந்தாள்.

“சின்னப் பசங்க கிளாஸ்ங்க. மெதுவாத்தான் ஆடுவாங்க. உங்க விரலை யாரு பாக்கப் போறா?”

அவருக்கும் அதுதான் நப்பாசை. ஒரு சுற்றுக்குப் பதினாறு அடி, நடந்து போகிற வேகம். அதையாவது வாசித்துவிட்டால் அவர் இன்னும் தபலாக்காரர்தான். முடியாவிட்டால் முப்பத்தைந்து வருஷம் வாசித்ததற்கு மிச்சம் முதுகுவலி.

சனிக்கிழமை காலையில் அவர் மாடி ஏறியபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் இருபது குழந்தைகள், மூலையில் தாளப் பெட்டி. அதில் யாரோ வாசித்துப் பதிவு செய்த தபலா ஓடிக்கொண்டிருந்தது. சுற்று முடிந்து முதல் அடி விழும் நேரத்தில் இருபது பேரும் ஒன்றாக மூக்கை உறிஞ்சிவிட்டுக் காலைத் தட்டினார்கள். அடுத்த சுற்றிலும் அதே. இதென்ன கூத்து, பள்ளி முழுக்கச் சளியா என்று நினைத்தவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மூக்கை உறிஞ்சியது முதலில் பெட்டிதான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில், இந்த மாதிரிப் பெட்டிக்காக அவர் ஒரே ஒரு சுற்று வாசித்துக் கொடுத்திருந்தார். அன்றைக்குச் சரியான ஜலதோஷம். முதல் அடிக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிவிட்டார். “யாரு சார் கவனிக்கப் போறா?” என்று ஒலிப்பதிவுக்காரர் அப்படியே விட்டுவிட்டார்.

டீச்சர் பெட்டியை நிறுத்தி, “வாசிங்க சார்” என்றாள்.

வாசித்தார். விரல் சுருண்டது. முதல் அடிக்கு வந்தபோது குழந்தைகள் தூக்கிய காலோடு நின்றார்கள்.

“டீச்சர், ஒண்ணு எப்ப வரும்னே தெரியல” என்றது ஒரு வாண்டு.

அடுத்த சுற்றில் அவர் மூக்கை உறிஞ்சினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது காலும் ஒன்றாக விழுந்தன. அவருடைய ‘நா’ மட்டும் தகரமாக விழுந்தது.

டீச்சர் நல்ல பெண். தரையைப் பார்த்துக்கொண்டே, “பெட்டியில வாசிக்கிறவர் கை ரொம்பச் சுத்தம் சார். பசங்களுக்கு அதுவே பழகிடுச்சு” என்றாள்.

“அது நான்தான்மா.”

நிமிர்ந்து பார்த்தாள். அந்த உறிஞ்சலை இப்போதுதான் நேரில் கேட்டிருக்கிறாள், நம்பாமல் என்ன செய்வாள்? முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பசங்களா, நம்ம பெட்டியில வாசிக்கிறது இவர்தான்!” என்று கூவினாள். குழந்தைகள் கைதட்டினார்கள்.

“அப்புறம் என்ன சார், எட்டு வருஷமா நீங்கதானே எங்களுக்கு வாசிக்கிறீங்க! இனிமே நீங்க எதுக்கு மாடி ஏறிக் கஷ்டப்படணும்?”

மனசில் துளி கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெட்டியைப் போட்டாள்.

கீழே மனைவி காத்திருந்தாள். அவர் தூக்கி வந்த இரண்டு தபலாப் பைகளில் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்காம்.”

“யாரு? சின்ன வயசா?”

மாடியில் இருபது மூக்குகள் உறிஞ்சின, காலடி விழுந்தது.

“என்னைவிடச் சின்னவன்தான். நல்லா வாசிக்கிறான்” என்றார். “என்னால அப்படி முடியாது.”